படம் ஒரு மலை, விளம்பரம் வேறு மலை: ஆவணப்படத்தின் தோற்றம் பிசகும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் எடுக்கும் ஆவணப்படங்களுக்குச் சமவெளிப் படங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. காலையில் தெளிந்திருந்த வானம் பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். ஜூலையில் பச்சையாக இருந்த புல்வெளி ஜனவரி உறைபனியில் கருகி வைக்கோல் நிறமாகிவிடும். இப்படிப் பல பருவங்களில் சேர்த்த காட்சிகளைக் கலரிஸ்ட் (நிறம் திருத்துபவர்) பாடுபட்டு ஒரே படமாக்குகிறார். ஆனால் டிரெய்லர், போஸ்டர், யூடியூப் தம்ப்நெயில், ரீல்ஸ், திரையிடல் அழைப்பிதழ் எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே, வேறு கைகளில், வேறு கோப்புகளிலிருந்து தயாராகிவிடுகின்றன. டிசைனருக்கு ரசனை போதவில்லை என்று பழி சொல்வது எளிது. பிசகை வேர்வரை தேடிப்போனால், அவர் கைக்கு வந்த கோப்பே தவறாக இருந்தது தெரியவரும். ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது எந்தக் கோப்பிலிருந்து பிறந்தது?

விளக்கத்துக்காக ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்வோம். சோலைக்காடும் புல்வெளியும் பற்றிய 50 நிமிட ஆவணப்படம். 4கே அளவில் லாக் முறையில் (பின்னால் நிறம் திருத்த வசதியாக, தட்டையான தோற்றத்தில்) எடுத்தது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் கலர் செய்தது.

முதலில் ஒரு சோதனை

முடிந்த படத்திலிருந்து 8 ஸ்டில்கள், டிரெய்லரிலிருந்து 8, கூடவே போஸ்டர், தம்ப்நெயில், அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். பின்னணி நடுத்தரச் சாம்பலாக இருக்கட்டும்: எஸ்ஆர்ஜிபியில் மூன்று எண்ணும் 119. ஒவ்வொரு படத்தையும் 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பெரிதாகப் பார்க்கும்போது கண் முகத்தையும் கதையையும் தேடிப் போய்விடும். சிறிதாக்கினால் நிறமும் இருளும் மட்டுமே மிஞ்சும், ஒட்டாதது உடனே தனித்துத் தெரியும்.

எது ஒட்டவில்லை என்று தெரிந்ததும், ஐட்ராப்பர் கருவியால் நான்கு இடங்களில் எண் எடுங்கள்: மூடுபனி, இலை, முகம், படத்திலேயே மிகக் கறுத்த இடம். இந்த நான்கும் படத்தில் என்ன, விளம்பரத்தில் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதையே நிரந்தரத் தோற்றத் தாளாக வைத்துக்கொள்ளலாம். அதோடு ஐந்து நிறங்கள், தலைப்பு எழுத்தின் கோப்பு, ஆறு மாதிரி ஸ்டில்கள், சேர்த்த கிரெயினின் (பொடிப்புள்ளிகளின்) அளவு ஆகியவற்றையும் சேர்த்தால் போதும். 30 பக்கக் கையேடு வேண்டாம். அவசரத்தில் வேலை செய்யும் டிசைனர் ஒரு பக்கத்துக்கு மேல் திறக்க மாட்டார்.

ஐந்து நிறங்களையும் படத்திலிருந்தே எடுங்கள். சோலை மரங்களின் கரும்பச்சை, அவற்றின் தளிரில் வரும் செம்பு நிறம், காய்ந்த புல்லின் வைக்கோல் நிறம், பட்டையில் படரும் பாசியின் சாம்பல் பச்சை, மூடுபனியின் வெண்சாம்பல். இந்த மலை தானே தரும் இந்தத் தொகுப்பைவிட நல்லது இணையத்தில் கிடைக்கும் எந்த வண்ணத் தட்டிலும் இல்லை.

அறிகுறி: மூடுபனி படத்தில் சாம்பல், டிரெய்லரில் நீலம், தம்ப்நெயிலில் இளஞ்சிவப்பு

மலைப் படங்களில் மிக அதிகம் வரும் பிசகு இது. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும்.

மூடுபனி ஒளியின் வண்ண வெப்பநிலை பொதுவாக 6500 முதல் 7500 கெல்வின் வரை போகும். கேமராவை 5600-இல் பூட்டியிருந்தால் பனி நீலமாகப் பதியும். ஆட்டோ வைட் பேலன்ஸில் விட்டிருந்தால் இன்னும் மோசம்: சட்டம் (ஃபிரேம்) முழுக்கத் தேயிலைச் செடி நிறைந்ததும் கேமரா பச்சையை ஈடுகட்ட மெஜந்தாவை (ஊதாச் சிவப்பை) சேர்க்கும். செடியைக் கடந்து பனிப் பக்கம் கேமரா திரும்பும்போது அந்த மெஜந்தா பனியில் ஒட்டிக்கொண்டு வரும். கலரிஸ்ட் படத்தில் இதையெல்லாம் சரிசெய்துவிட்டார். ஆனால் டிரெய்லர் எடிட்டரிடம் இருப்பது படப்பிடிப்புக் காலத்துப் பிராக்ஸி, அதாவது எடிட்டுக்காக எடுத்த சிறிய நகல். அதில் பார்வைக்காகப் போட்ட லட் (நிறத்தை மாற்றும் அட்டவணை) உள்ளேயே பதிந்திருக்கும், அதைக் கழற்ற முடியாது. தம்ப்நெயிலோ பிளேயரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்.

சரிசெய்யும் முறை இது. டிரெய்லர் டைம்லைனை எக்ஸ்எம்எல் ஆக (வெட்டுகளின் பட்டியல் கோப்பாக) வெளியே எடுத்து, படத்தின் ரிசால்வ் புராஜெக்ட்டுக்குள் கொண்டுவாருங்கள். கிளிப்புகளைப் பிராக்ஸியிலிருந்து விடுவித்து மூலக் கோப்புகளோடு இணையுங்கள். பிறகு கலர்டிரேஸ் வசதியால் படத்தின் டைம்லைனிலிருந்து கிரேடுகளை (நிறத் திருத்தங்களை) இழுங்கள். கோப்புப் பெயரும் டைம்கோடும் ஒத்துப்போகும் ஷாட்டுகளுக்குக் கிரேடு தானாக வந்து உட்கார்ந்துவிடும். பிராக்ஸி எடுத்தபோது கோப்புப் பெயரை மாற்றியிருந்தால் இது வேலை செய்யாது. அப்போது ஒவ்வொரு ஷாட்டாகக் கையால் பொருத்த வேண்டும். பிராக்ஸிக்கு மூலத்தின் பெயரையும் டைம்கோடையும் மாற்றாமல் வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

டிரெய்லரில் மட்டும் வந்து, படத்தில் இல்லாத ஷாட்டுகள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் அதே இடம், அதே வேளை கொண்ட ஒரு ஷாட்டைப் படத்திலிருந்து தேடி, கேலரியில் ஸ்டில் பிடித்து, வைப் கோட்டால் பாதிப்பாதியாக ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். வரிசை முக்கியம்: முதலில் வைட் பேலன்ஸ், அடுத்து இருள் மட்டம், கடைசியில் நிறச் செறிவு. செறிவில் தொடங்கினால் மற்ற இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒளிர்வைக் காட்டும் வேவ்ஃபார்மின் 0 முதல் 100 வரையான அளவீட்டில் மென்மையான மூடுபனி 55 முதல் 70 வரை நிற்பது நல்ல இலக்கு. பனிக்குள் நிற்கும் மரத்தண்டின் கறுப்பு 15 முதல் 25 வரை. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடில் பனியின் மூன்று வண்ணங்களும் எப்படி நிற்க வேண்டும் என்பதை ஒரு முடிவாகவே எழுதிவையுங்கள். எடுத்துக்காட்டாக, நீலம் சிவப்பைவிட 3 புள்ளி மேலே. அந்த ஒரு எண் தாளில் இருந்தால், டிரெய்லரை யார் செய்தாலும் பனி ஒரே பனியாக இருக்கும்.

டிரெய்லர் “கொஞ்சம் பன்ச்சாக” இருக்க வேண்டும் என்ற கோரிக்கை தவறாமல் வரும். அதற்காக காண்ட்ராஸ்டை ஏற்றினால் மரத்தண்டு 0-க்கு இறங்கும், பனி 95-க்கு ஏறும். மூடுபனி மறைந்து வெயிலில் எடுத்த வெள்ளை வானம்போல ஆகிவிடும். பார்ப்பவர் மனதில் பருவமே மாறிவிடும். வேகத்தை வெட்டிலும் ஒலியிலும் ஷாட் தேர்விலும் கொண்டுவாருங்கள். உறைபனிக் காலையில் எடுத்த தெளிந்த ஷாட்டுகளில் காண்ட்ராஸ்ட் இயல்பாகவே இருக்கும். அவற்றை முன்னால் வையுங்கள்.

விழாவுக்கோ நிதி திரட்டவோ டிரெய்லர் முன்கூட்டியே போகவேண்டிய நிலை இருந்தால், வேலையைத் தலைகீழாக்குங்கள். படத்தின் ஆறு முக்கிய ஷாட்டுகளை மட்டும் முதலில் கிரேடு செய்து பவர்கிரேடாக (எந்தப் புராஜெக்ட்டிலும் எடுத்துப்போடும் கிரேடாக) சேமித்து, அதை எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு டிரெய்லரைத் தொடுங்கள். படத்தின் மீதி கிரேடும் அந்த ஆறையே பின்தொடரட்டும்.

அறிகுறி: எடிட் அறையில் சரி, போனிலும் மேக்கிலும் வெளிறுகிறது

கறுப்பு சாம்பலாகி, வெள்ளையும் மங்கியிருந்தால் லெவல் பிசகு. வீடியோ லெவல் 16 முதல் 235 வரை, ஃபுல் லெவல் 0 முதல் 255 வரை. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் இப்படி ஆகும். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் டேட்டா லெவலை ஆட்டோவில் விடாமல் வீடியோ என்று வைத்து மறுபடி எடுங்கள்.

கறுப்பும் வெள்ளையும் சரியாக இருந்து நடுத்தரம் மட்டும் வெளிறினால் அது காமா, அதாவது ஒளிர்வு வளைவின் பிசகு. ரெக் 709 (எச்டி வீடியோவின் வண்ணத் தரம்), காமா 2.4 என்று இருட்டறையில் பார்த்துச் செய்த படத்தை, மேக்கின் குவிக்டைம் பிளேயர் வேறு வளைவில் காட்டுகிறது. ஏற்றுமதியில் வண்ண டேக்குகள் (கோப்பின் வண்ண முறையைப் பிளேயருக்குச் சொல்லும் எண்கள்) 1-1-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் வேலை செய்பவர்களுக்கு ரிசால்வ் தரும் ரெக் 709-ஏ தேர்வும் இதற்காகத்தான். படத்துக்கும் டிரெய்லருக்கும் ஒரே டேக் போவது முக்கியம். ஒன்றை மட்டும் திருத்தினால் பிளவு கூடும்.

அறிகுறி: இணையத்தில் ஏற்றியதும் பனியில் படிக்கட்டுபோல் கோடுகள்

மென்மையாகச் சாயும் சாம்பல், 8 பிட் கோப்பில் குறைந்த பிட்ரேட்டில் அழுத்தப்படும்போது பட்டைபட்டையாகப் பிரியும். பனிக்காட்சி இல்லாத படங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. இங்கே டிரெய்லர் முழுக்கத் தெரியும்.

கிரேடின் கடைசி நோடில் (திருத்தப் படியில்) மெல்லிய கிரெயின் சேருங்கள். பட்டையின் விளிம்பை அது உடைக்கும். அதே அளவு கிரெயின் படத்திலும் போஸ்டர் படத்திலும் இருக்கட்டும். தோற்றத் தாளில் அதை எழுதச் சொன்னது இதற்காகவும்தான். மாஸ்டரை 10 பிட் புரோரெஸில் வைத்து, ஏற்றும் கோப்பை 4கே-யிலேயே கொடுங்கள். யூடியூப் நொடிக்கு 25 சட்டம் ஓடும் படத்துக்குப் பரிந்துரைப்பது 1080 அளவுக்கு 8 எம்பிபிஎஸ், 4கே அளவுக்கு 35 முதல் 45 வரை. மூலமே எச்டி என்றாலும் 4கே ஆகப் பெரிதாக்கி ஏற்றினால் பனி ஓரளவு பிழைக்கும். வாட்ஸப்பில் டிரெய்லரை வீடியோவாக அனுப்பினால் மீண்டும் நசுங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது இணைப்பைக் கொடுங்கள்.

அறிகுறி: போஸ்டர் அச்சில் பச்சை செத்துவிட்டது, பனி காகிதமாகிவிட்டது

திரையில் ஒளிரும் தேயிலைத் தளிர்ப் பச்சையும் குறிஞ்சியின் நீல ஊதாவும் அச்சின் நான்கு மையான சிஎம்ஒய்கே-க்குள் அடங்காதவை. அச்சகத்தில் மாற்றிக்கொள்ளட்டும் என்று ஆர்ஜிபி கோப்பை அனுப்பினால், அவர்களுடைய மென்பொருள் எப்படி நசுக்குகிறதோ அதுதான் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் அச்சுத் தோற்றத்தைத் திரையில் காட்டும் புரூஃப் கலர்ஸை இயக்கி, எந்த புரொஃபைல் என்று அச்சகத்தைக் கேட்டு அதையே போட்டு, பச்சையை நீங்களே ஒரு படி கீழே இறக்குங்கள். நீல ஊதாவில் மெஜந்தா சயானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் கத்தரிப்பூ நிறமாகிவிடும்.

பனிக்கு நேரெதிர்ச் சிக்கல். 3 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மைப்புள்ளிகள் தாளில் நிற்காமல் போகும். பனி மெல்ல மறைய வேண்டிய இடத்தில் ஒரு விளிம்போடு வெட்டுப்பட்டு வெறும் காகிதம் தெரியும். பனியின் மிக வெளிறிய பகுதியிலும் சயான் 6, மெஜந்தா 4, மஞ்சள் 4 அளவுக்காவது மை இருக்க வேண்டும். பெரிய கறுப்புப் பரப்புக்கு 60, 40, 40, 100 என்ற கலவை. சிறிய எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும். நான்கு மையில் சிறிய எழுத்தை அடித்தால், தகடு இம்மி விலகினாலும் ‘ஞ’வும் ‘ஜ’வும் கலங்கிவிடும்.

போஸ்டருக்குப் படத்தின் சட்டத்தையே எடுத்து நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் ஏ3 அளவிலேயே தோற்றுப்போகும். 3840க்கு 2160 சட்டத்திலிருந்து செங்குத்தாக வெட்டினால் 1527க்கு 2160தான் கிடைக்கும். ஏ3-இன் 420 மில்லிமீட்டர் உயரத்தில் அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 130 பிக்சல். வேண்டியது 300. படப்பிடிப்பின்போதே, அதே இடத்தில், அதே ஒளியில், 24 மெகாபிக்சல் கேமராவில் ரா முறையில் (கேமரா திருத்தாத மூலமாக) ஸ்டில் எடுத்துவைப்பது இதற்குத்தான். காப்புக்காட்டுக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும்; போஸ்டருக்காக இன்னொரு முறை அனுமதி வாங்கிப் போவதற்குள் பருவம் மாறிவிடும்.

அந்த ஸ்டில்லுக்குப் படத்தின் லட்டை அப்படியே போடாதீர்கள். லாக் படத்துக்காகச் செய்த லட்டைச் சாதாரண ஜேபெக் மேல் போட்டால் காண்ட்ராஸ்ட் இரட்டிப்பாகும். ராவைத் தட்டையாக விரித்து, பக்கத்தில் படத்தின் ஸ்டில்லை வைத்து, தாளில் உள்ள நான்கு எண்களுக்குக் கொண்டுவாருங்கள்.

கோவையிலோ சிவகாசியிலோ முழு அச்சுக்குப் போகும் முன், அதே தாளில், அதே எந்திரத்தில் ஏ4 அளவில் ஒரு துண்டு அடித்து வாங்கி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பச்சை பொய் சொல்லும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையானது. ஃபிளெக்ஸை விட்டுத் துணிப் பேனர் அடிப்பதே சரி. துணியில் மை பரவும், நிறமும் ஒரு படி இருளும். அதைவிடப் பெரிய ஆபத்து எழுத்துக்கு: மெல்லிய எழுத்தில் மெய்ப்புள்ளி கரைந்துபோகும். மூன்றடிப் பேனரில் புள்ளி 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அறிகுறி: தலைப்பு ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு முகம்

படத்தில் ஓர் எழுத்துரு, போஸ்டரில் அதைப்போல இன்னொன்று, அழைப்பிதழில் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு. அச்சகத்தில் உங்கள் யூனிகோட் எழுத்து திறக்காமல், கையிலிருக்கும் எழுத்துருவில் யாரோ மறுபடி தட்டியிருப்பார்கள். தட்டும்போது ஒற்றும் விழுந்துவிடும். சில மென்பொருள்களில் கொம்பு இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அடோபி மென்பொருள் என்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினை இயக்கினால் சரியாகும்.

உறுதியான தீர்வு, தலைப்பை எழுத்தாகவே யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. ஒருமுறை சரியாக அமைத்து, பாதைகளாக மாற்றி, எஸ்விஜி ஆகவும் பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆகவும் சேமியுங்கள். மூன்று வடிவங்கள் வேண்டும்: ஒரே வரி, இரண்டு வரி அடுக்கு, தம்ப்நெயிலுக்கான தடித்த சிறு வடிவம். இரண்டு வரி வடிவத்தில் வரி இடைவெளி எழுத்து உயரத்தில் 1.4 மடங்காவது இருக்கட்டும். மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்வது தமிழில் வாடிக்கை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற இலவசக் குடும்பங்களில் பல தடிமன்கள் கிடைப்பதால், பெயர்ப்பட்டைக்கும் வசன வரிக்கும் அதே குடும்பத்தில் வேறு தடிமனை எடுக்கலாம்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலும் தோற்றத்தில் சேரும். படத்தில் உதகை, போஸ்டரில் ஊட்டி; படத்தில் தோடர், அழைப்பிதழில் தொதவர் என்று வந்தால், நிறம் எவ்வளவு ஒத்தாலும் இரண்டு கைகள் தெரியும். ஒரு மக்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை அவர்களிடமே கேட்டுத் தாளில் எழுதிவையுங்கள்.

அறிகுறி: ரீல்ஸில் போட்டால் வேறு யாரோ எடுத்த படம்போல் இருக்கிறது

அகலமாகப் பார்த்த மலையை 9க்கு 16 ஆக வெட்டினால் மலை போய்விடும், ஒரு மரமோ ஒரு முகமோ மட்டும் மிஞ்சும். படம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு அகலத்தில் இருந்து, மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை வெறும் மூடியாக இருந்தால், செங்குத்துப் பதிப்புக்கு அந்த மூடியை எடுத்துவிடுங்கள்: 904 பிக்சலுக்குப் பதில் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும். மூடிக்குப் பின்னால் மைக் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டிலும் பாருங்கள். செயலியின் பொத்தான்களுக்காக மேலே ஏழில் ஒரு பங்கும் கீழே மூன்றில் ஒரு பங்கும் எழுத்தில்லாமல் விடுங்கள்.

அறிகுறி: எல்லா எண்ணும் ஒத்துப்போகின்றன, ஊர்க்காரர் மட்டும் “இது நம்ம மலை இல்லையே” என்கிறார்

அவர் சொல்வதே சரியாக இருக்கும். சோலையைப் பற்றிய படத்தின் போஸ்டரில் பைன் மரங்களோ யூகலிப்டஸோ நின்றால், மலையில் வாழ்பவருக்கு அது நட்ட தோட்டம் என்று பார்த்தவுடனே தெரியும். சோலை மரம் குட்டையாக, உருண்ட தலையோடு, பள்ளங்களில் அடைந்து நிற்கும்; சுற்றிலும் புல்மேடு. நேர்க்கோட்டில் விண்ணை நோக்கிய மரங்கள் அழகாக இருக்கலாம், ஆனால் படம் எதைக் காப்பாற்றச் சொல்கிறதோ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டவை அவை. அந்தப் போஸ்டர் படத்தையே மறுக்கிறது.

நீலக்குறிஞ்சியும் இப்படித்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. படத்தில் பூ ஒரு நிமிடம் வர, போஸ்டர் முழுக்க ஊதாக் கம்பளம் விரித்தால் பார்வையாளர் அந்தக் கம்பளத்துக்காகவே காத்திருப்பார். விலைக்கு வாங்கும் படங்களில் மூணாறுப் பக்கச் சரிவுகளும், வேறு சுழற்சியில் பூக்கும் வேறு குறிஞ்சி இனங்களும் கலந்திருக்கும். வெளிப்படம் வாங்குவதை முற்றிலும் தவிர்ப்பதே ஆவணப்படத்துக்கு மரியாதை. தம்ப்நெயிலில் மலை ரயிலைப் போட்டால் பலர் சொடுக்குவார்கள். படத்தில் ரயில் இல்லையென்றால் வேண்டாம்.

தோடர் எம்பிராய்டரிக் கோலத்தை ஓரக்கரையாகப் போடும் ஆசையும் டிசைனர்களுக்கு வரும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது: வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். படம் அவர்களைப் பற்றியதாக இருந்து, அவர்கள் சம்மதித்தால் போடலாம்; அப்போதும் உங்கள் ஐந்து நிறங்களுக்குள் அடக்குவதற்காக அதைப் பச்சையாக மாற்றக் கூடாது.

பருவமும் உண்மையாக இருக்க வேண்டும். உறைபனியில் கருகிய புல்லை ஹியூ (நிற) வளைவைத் திருப்பிப் பச்சையாக்குவது ரிசால்வில் ஒரு நிமிட வேலை, ஆவணப்படத்தில் பொய். டிரெய்லரில் பச்சையும் காய்ந்ததும் மாறிமாறிக் குதித்தால், நிறத்தைத் திருத்தாமல் வரிசையைத் திருத்துங்கள்: மழைக்காலத்து ஷாட்டுகள் ஒரு தொகுதி, பனிக்காலத்து ஷாட்டுகள் அடுத்த தொகுதி. போஸ்டருக்கு இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தம்ப்நெயிலையும் அழைப்பிதழையும் அதே பருவத்திலிருந்து எடுங்கள்.

அறிகுறி: கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ பள்ளி மண்டபத்தில் போட்டால் பனிக்காட்சிகள் காணாமல் போகின்றன

புரொஜெக்டர் டைனமிக் அல்லது விவிட் நிலையில் இருக்கும். சினிமா அல்லது எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றுங்கள். பிறகு சன்னல்கள். இருள் மட்டமே 20-இல் நிற்கும் பனிக்காட்சியின் மேல் கொஞ்சம் பகல் வெளிச்சம் விழுந்தாலும் மரமும் பனியும் ஒன்றாகிவிடும். கறுப்புத் துணியும் கிளிப்புகளும் எடுத்துப்போங்கள், அல்லது காட்சியை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். மண்டபத்துக்கென்று காண்ட்ராஸ்டை ஏற்றிய தனிப் பதிப்பு மட்டும் செய்யாதீர்கள்: பென்டிரைவில் கிடக்கும் அந்தக் கோப்பிலிருந்துதான் அடுத்த டிரெய்லரை யாராவது வெட்டுவார்கள்.